மீட்டருக்கு ஒரு கோடு

என் கணவரைப் படுக்கையில் தள்ளியது அவருடைய இதயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் டாக்டர்கள் இதயத்தைச் சரிசெய்து அனுப்பிய பிறகு அவரை வீட்டுக்குள் முடக்கிப் போட்டது கைபேசியில் இருக்கிற வரைபட ஆப். அந்த ஆப்பைச் செய்தவர்கள் என் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், மேடு ஏறக் கூடாது, அவர் சொல்லும்வரை ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. சொல்வது சுலபம். எங்கள் ஊரில் மேடு ஏறாமல் நடக்க வேண்டுமென்றால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். பால் வாங்கப் போனால் இறக்கம், வாங்கிக்கொண்டு திரும்பினால் ஏற்றம். பக்கத்துத் தெருக்காரரோடு பேச வேண்டுமென்றால் ஒன்று அண்ணாந்து பேச வேண்டும், இல்லை குனிந்து பேச வேண்டும். டாக்டருக்கு வீடு கடற்கரைப் பக்கம், அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

வீட்டுக்கு வந்த மறுநாள் என் கணவர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்தார். எங்கள் வீட்டைச் சுற்றி வெள்ளைவெளேர் என்று இருந்தது. பெயருக்கு ஒரு மேட்டுக்கோடு கிடையாது.

"இங்க பாரு, எல்லாம் சமதளம்னு போட்டிருக்கான். ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் என்ன சொன்னார் என்றே கேட்காமல் "சரி" என்று கத்தினேன்.

ஆப் சமதளம் என்று சொன்ன, இதுவரை கால் வைத்தே இராத ஒரு சந்தில் பாதி ஏறியதும் மூச்சு முட்டி, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்து, செய்தித்தாளால் விசிறிவிட்டு, தன் காரில் கொண்டுவந்து இறக்கினார். நல்லவேளை, இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குக் கழற்றிய செருப்பை அவர் மறுபடி மாட்டவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். மறுநாளும் அதே பாட்டு. ஒரு நாள் முட்டி வலி என்பார், ஒரு நாள் வெயில் என்பார், மேகமே இல்லாத நாளில் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பார். பயந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார்.

எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? நான் வயிறு வளர்ப்பதே வரைபடம் போட்டுத்தான். ஒரு நில அளவை நிறுவனத்துக்காக வீட்டில் உட்கார்ந்தபடியே சாலை, வடிகால், குழாய் என்று வரைந்து கொடுக்கிறவள். அப்படிப்பட்டவள் வீட்டு மனுஷனையே ஒரு வரைபடம் ஏமாற்றியிருக்கிறது. அந்த ஆப்பை நானும் திறந்து பார்த்தேன். விஷயம் உடனே புரிந்தது.

ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் இணைத்து இழுக்கிற கோட்டுக்குச் சம உயரக் கோடு என்று பெயர். கோடுகள் நெருங்கி நின்றால் அங்கே செங்குத்து, விலகி நின்றால் சரிவு குறைவு. அந்த ஆப் இருபது மீட்டருக்கு ஒரு கோடுதான் போடுகிறது. பெரிய மலை ஏறுகிறவர்களுக்கு அது போதும். எங்கள் பகுதியோ நாற்பதாவது மீட்டருக்கும் அறுபதாவது மீட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஐந்து மாடி உயரத்துக்கு மேடு பள்ளம் இருந்தாலும் ஆப்பின் கண்ணுக்கு எல்லாம் விளையாட்டு மைதானம். பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை, அவ்வளவுதான். என் கணவர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

அவர் தொழில் பூட்டு. பழுதான பூட்டைச் சரிசெய்வார், தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போடுவார். கடை எங்கள் வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும், எங்கள் தெருவை அடுத்த பெரிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம். பார்க்கத்தான் பக்கம். போவதென்றால் பள்ளத்தில் இறங்கி மறுபுறம் ஏற வேண்டும். அதுவும் அந்தக் கடைத்தெரு முழுக்கப் படிக்கட்டு. மேலிருந்து வந்தாலும் படி, கீழிருந்து வந்தாலும் படி, கார் உள்ளே வராது. இத்தனை வருஷமும் கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறிக்கொண்டிருந்த மனிதர்.

கடைக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே சலவைக்கடை வைத்திருக்கிற அம்மாள். அவர் ஒரு நாள் இஸ்திரி போட்ட எங்கள் போர்வைகளைக் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கக்கிழமை கடையைத் திறக்கறதா இருந்தா திறங்க. இல்லன்னா போன் கவர் விக்கறவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். நானும் எவ்வளவு நாள் பூட்டி வச்சிருக்கறது? பூட்டுக்கடைக்கே பூட்டான்னு எல்லாரும் சிரிக்கறாங்க."

"குடுத்துடுங்க. நான் இனிமே எங்க வரப் போறேன்" என்றார் இவர், ஏதோ பழைய செய்தித்தாளைக் கொடுத்துவிடுகிற மாதிரி.

சலவைக்கடை அம்மாள் என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க" என்றேன்.

என் கணவர் மனசார அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் அவர் விட்டுவைத்த பூட்டு ஒன்று உண்டா? வாசல் கதவுப் பூட்டைப் பிரித்துப் பூட்டினார். அலமாரிப் பூட்டைப் பிரித்தார். பூட்டே இல்லாத சமையலறை இழுப்பறைக்கு ஒரு பூட்டு வைத்து, சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனார். கரண்டி எடுக்க முடியாமல் ஒரு நாள் கையாலேயே சோறு பரிமாறினேன். கடையைக் கொடுத்துவிட்டால் இந்த மனிதர் நாள் முழுக்க இப்படி வீட்டைப் பிரித்துப் பூட்டிக்கொண்டே கிழவராகிவிடுவார். டாக்டர்கள் உயிரோடு திருப்பிக் கொடுத்தார்கள், உண்மை. எனக்கு அந்தப் பழைய ஆளும் வேண்டும்.

என் தம்பியிடம் யோசனை கேட்டேன். அவன் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவன். எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரே தீர்வு, தூக்கிவிடுவது.

"ஒரு நாற்காலியில மாமாவை உக்கார வைக்கா. நான் ஒரு கை, நம்ம ஜிம் பையன் ஒரு கை. அலேக்கா தூக்கிட்டுப் போய்க் கடையில வச்சுடறோம்" என்றான்.

"நான் என்ன பீரோவா?" என்றார் என் கணவர் உள்ளேயிருந்து.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஆப் வாயைத் திறக்காவிட்டால் நான் திறக்கவைக்கிறேன். அந்த ஆப்பில் நாமே செய்த கோடுகளை ஏற்றிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. இருபது மீட்டருக்கு ஒன்று போதாது, மீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் எந்தச் சந்து ஏறுகிறது, எந்தச் சந்து படுத்துக் கிடக்கிறது என்று பளிச்சென்று தெரியும். கோட்டைக் குறுக்கே தாண்டினால்தான் ஏற்றமோ இறக்கமோ. ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் ஊரையே சுற்றி வந்தாலும் மேடு ஏறாமல் வந்துவிடலாம்.

விமானத்திலிருந்து கதிர் பாய்ச்சித் தரையின் உயரத்தை அளந்த கணக்கை அரசாங்கம் பொதுவில் போட்டுவைத்திருக்கிறது. அதை இறக்கிக்கொண்டேன். முதலில் ஆசைப்பட்டு அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டேன். பூனை கையில் கிடைத்த நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. கைபேசியில் ஏற்றியதும் அது சூடாகி அப்படியே உறைந்துபோனது. சரி, பேராசை வேண்டாம் என்று மீட்டருக்கு வந்தேன். ஐந்தாவது கோட்டுக்கு ஒருமுறை தடிமனாக்கி, எண் போட்டு, நெளிவுகளைக் கொஞ்சம் இழைத்து, எங்கள் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன்.

முதல் வரைபடத்தைத் தம்பிதான் பார்த்தான். "அக்கா, எங்க வீட்டுக்கிட்ட என்ன இது, கறுப்பா அப்பிக் கிடக்கு?"

பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் ஓர் இடத்தின் உயரம் தெரியாவிட்டால் வெறுமனே விடமாட்டோம். மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிவைப்போம். 'தெரியாது' என்பதற்கு நாங்கள் வைத்திருக்கிற சொல் அது. தம்பி வீடு அளந்த பகுதியின் விளிம்பில் இருந்தது, பாதிக்கு மேல் கணக்கு இல்லை. கணினி அந்தத் 'தெரியாது'வை உண்மையான ஆழமாக எடுத்துக்கொண்டு, மீட்டருக்கு ஒன்றாக வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டே பாதாளம் வரை இறங்கியிருந்தது.

"உன் வீட்டு வாசல்ல கால வச்சா பத்தாயிரம் மீட்டர் கீழ போயிடுவியாம்" என்றேன்.

"இத நம்பியா மாமாவை அனுப்பப் போற?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை.

பாதாளத்தை மூடினேன். அடுத்த தகராறு எங்கள் வாசலிலேயே வந்தது. வீட்டுக்கு எதிரே மூன்று மீட்டர் உயரத்தில் செவ்வகமாக ஒரு குன்று. என் கணவர் சன்னலைத் திறந்து பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்க மலை?"

மலை இல்லை, லாரி. அளந்த அன்றைக்கு யாரோ லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். விமானத்துக்கு லாரியும் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். மரம், கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாமே வரைபடத்தில் குன்றுகளாக நிமிர்ந்து நின்றன. என் கணவர் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். லாரியை மலை என்று சொல்கிற வரைபடத்தை நம்பி அவர் செருப்பை மாட்டுவாரா? எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மண்ணைத் தவிர எது நின்றாலும் விடுவதில்லை என்று களையெடுக்க உட்கார்ந்தேன். கூரைகள் போயின, மரங்கள் போயின, லாரி போயிற்று. பள்ளத்துக்கு மேலே மின்கம்பி மாதிரி ஒல்லியாக ஏதோ ஒரு கீற்று, அதையும் துடைத்துப் போட்டேன். கடைசியில் வெறும் தரை மட்டும் மிஞ்சியது, சவரம் செய்த முகம் போல.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. எங்கள் வீட்டு வாசல் ஐம்பத்து மூன்றாவது மீட்டர். பள்ளத்தின் அடி நாற்பத்தொன்று. அந்தப் பக்கம் அவர் கடை வாசல், படிக்கட்டுத் தெருவில் பாதியில், மறுபடியும் ஐம்பத்து மூன்று. இரண்டும் ஒரே உயரம்! இத்தனை வருஷமும் இந்த மனிதர் ஐம்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்து மூன்றுக்குப் போக இறங்கி ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐம்பத்து மூன்றாவது கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்தேன். வீட்டிலிருந்து பள்ளத்தின் விளிம்போடு உள்ளே உள்ளே போய், பள்ளம் தொடங்குகிற இடத்தில் வளைந்து, மறுகரையோடு திரும்பி வந்து, பக்கவாட்டுச் சந்து ஒன்றின் வழியாகக் கடை வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழிதான். ஆனாலும் மேடு இல்லாத வழி. கோடு போகிற இடத்திலெல்லாம் தெரு இருக்காதே, அதனால் முன்னே பின்னே ஒரு மீட்டர் விட்டுக்கொடுத்துச் சந்துகளைக் கோத்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், ஒரு வண்டி நிறுத்துமிடம், முன்வாசலும் பின்வாசலும் உள்ள ஒரு மரச்சாமான் கடை. அந்தக் கோட்டுக்குச் சிவப்பு அடித்தேன்.

"இந்தச் சிவப்பை விட்டு விலகாதீங்க, போதும்" என்றேன்.

இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் செருப்பை மாட்டினார். நானும் கிளம்பினேன்.

"நீ வேணாம். நீ கூட வந்தா என் முகத்தையே பார்த்துக்கிட்டு வருவே. எனக்கு மூச்சு வாங்கலன்னாலும் வாங்கும்."

கொஞ்சம் தூரம் போய்த் திரும்பினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம். கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கோட்டைப் பார்த்து அடியெடுத்து வைத்தபடி போகிறவரைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மரச்சாமான் கடைக்காரர், இவர் தினமும் வந்து போகிறாரே, பெரிய அலமாரியாக ஏதோ வாங்கப் போகிறார் என்று நம்பி நாற்காலி போட்டாராம். எதிர்வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார்:

"பொண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டார்னு சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்வாங்க. உங்க வீட்டுக்காரர்தாம்மா நிஜமாவே தாண்டாம நடக்கறார்."

எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்? அவர் இருக்கிற இடம் என் கைபேசியில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்துகொண்டேன். அவர் நடந்தால் புள்ளி நகரும், நின்றால் நிற்கும். புள்ளி நின்றால் எனக்கும் மூச்சு நிற்கும். இரண்டு மூன்று நாளாகப் பள்ளத்தின் விளிம்பில் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இளைப்பாறுகிறார் என்று நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு, கடைச் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டினார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தம்பியை வரச் சொல்லியிருந்தேன். பேச்சுத் துணைக்கு என்று அவனிடம் சொன்னேன், அவசரமானால் தூக்குவதற்கு என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"போயிட்டு வர்றேன்" என்றார்.

"மெதுவா. அவசரமே இல்லை. சிவப்பை விட்டு…"

"விலகமாட்டேன்" என்றார்.

தம்பியும் நானும் மேசையில் கைபேசியை வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். புள்ளி பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. மரச்சாமான் கடைக்குள் புகுந்து வெளியே வந்தது. பள்ளத்தின் விளிம்பில் அந்த வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது. நானும் பெருமூச்சு விட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

"அக்கா" என்றான் தம்பி. "மாமா எங்க போறார்?"

புள்ளி சிவப்புக் கோட்டை விட்டு இறங்கியிருந்தது. பக்கவாட்டில் திரும்பி நேரே பள்ளத்துக்குள். ஐம்பத்திரண்டைத் தாண்டியது. ஐம்பத்தொன்று. ஐம்பது. அங்கே கோடுகள் சீப்பின் பல் மாதிரி நெருக்கம். மனிதர் இறங்கக்கூடிய சரிவே இல்லை அது.

"விழுந்துட்டாரா?" என்றேன்.

"விழுந்தா நகர மாட்டார்க்கா. நடக்கறார்."

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புள்ளி பள்ளத்தின் நட்டநடுவில் போய் நின்றது. நாற்பத்தொன்று. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அப்புறம் அது நகர ஆரம்பித்தது, மறுகரையை நோக்கி. நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து. ஏறுகிறார். மேடு ஏறாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மனிதர் சுவர் மாதிரி நிற்கிற மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கோடுகளை மளமளவென்று தாண்டிக்கொண்டு.

மேற்கொண்டு பார்க்க எனக்குத் தெம்பில்லை. கதவைச் சாத்தினேனா என்றுகூடத் தெரியாது. அவர் ஏறுகிற மறுகரைக்குக் குறுக்குவழி கடைத்தெருதான். தெருப்படியில் இறங்கி ஓடினேன். தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். பள்ளத்தின் அடியில் ஓடுகிற சாக்கடையின் பாலத்தைத் தாண்டி, கடைத்தெருப் படிக்கட்டில் ஏறத் தொடங்கினேன். வழியில் யாரோ "என்னம்மா?" என்றார்கள். பதில் சொல்ல மூச்சு இல்லை. பாதிப் படியில் பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால், ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற என் தம்பி விலாவைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

"நீ போக்கா… நான்… வந்துடறேன்."

கடவுளே, அவரை எந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறேனோ என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். பாழாய்ப்போன கோட்டைப் போட்டு நான்தானே வெளியே அனுப்பினேன். அலமாரிப் பூட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பார். பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டு என் கண் முன்னாலேயே இருந்திருப்பார்.

கடையின் இரும்புக் கதவு மேலே ஏறியிருந்தது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சலவைக்கடை அம்மாள். பக்கத்தில் அளவெடுக்கிற நாடாவோடு ஒரு மனிதர், போன் கவர்காரராக இருக்க வேண்டும், எங்கே அளப்பது என்று தெரியாமல் நின்றார்.

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஆச்சு? ஏன் இப்படி ஓடி வர்றே?"

நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அரத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. அவர் சட்டை மேல் கையை வைத்தேன், தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில். டக், டக் என்று நிதானமாக, ஒரு குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் இப்படி அடிச்சுக்குது" என்றார்.

"பள்ளத்துல… எப்படி… ஏறினீங்க?"

"ஏறலையே."

"பார்த்தேனே! நாற்பத்தொண்ணுல நின்னீங்க!"

அவருக்குப் புரியவில்லை. சலவைக்கடை அம்மாளுக்குத்தான் புரிந்தது. "குழாய்ப் பாலத்துல வந்திருக்காரும்மா. தண்ணிக் குழாய் போகுது பாருங்க, அது மேல இரும்புத் தகடு போட்டு வழி இருக்கு. முன்னாடி பூட்டியே வச்சிருப்பாங்க. கொஞ்ச நாளாத்தான் பகல்ல ஜனங்களுக்காகத் திறந்து விடறாங்க. இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் அதுலதான் போறோம். உங்க பக்கம் தகரக் கதவு மறைச்சுக்கிட்டு இருக்கறதால யாருக்கும் தெரியல."

மின்கம்பி என்று நான் துடைத்துப் போட்டது அதுதான். மண்ணை மட்டும் விட்டுவைக்கிறேன் பேர்வழி என்று ஒரு பாலத்தையே தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். என் வரைபடத்தில் பள்ளத்துக்குள் இறங்கி ஏறிய மனிதர், நிஜத்தில் ஐம்பத்து மூன்றாவது மீட்டரிலேயே, நேராக, நிதானமாக, வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். மேடு ஏறி மூச்சு வாங்கியது நான். நியாயமாகப் பார்த்தால் நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை, சண்டைதான் வந்தது.

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? போன் பண்ணினேன், பண்ணினேன், அதையாவது எடுத்தா என்ன?"

சலவைக்கடை அம்மாள் போன் கவர்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தத் தகரக் கதவுல தொங்கறது நான் மாட்டின பூட்டு" என்றார் என் கணவர். "மூணு நாளா அங்க போய் நிக்கறேன். அந்தப் பாலத்து வாட்ச்மேன்கூடச் சொன்னார், போங்க சார், சமமாத்தான் இருக்கும்னு. காலை எடுத்து வைக்க முடியல. இன்னிக்கு வச்சேன். பாதியில நின்னுட்டேன். கீழ பார்த்தா தலை சுத்துது, நெஞ்சு அடைக்கற மாதிரி இருந்துச்சு. நிஜமாவே அடைக்குதா, பயத்துல அடைக்குதான்னு தெரியல. அப்பதான் நீ போன் பண்ணினே."

"எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்தா திரும்பி வாங்கன்னு சொல்லுவே."

"சொல்லுவேன்தான்!"

"நீ சொன்னா நான் திரும்பிடுவேன்" என்றார். "அதான் எடுக்கல."

எவ்வளவு சண்டை போட்டாலும் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும், அன்றைக்கு அது அவருடையதாகப் போயிற்று. போகட்டும் என்று விட்டேன். அதற்குள் ஒரு ஆள் வந்து, பீரோ சாவி உடைந்துவிட்டது, பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று மீதிப் பாதியை நீட்டினார். என் கணவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் இத்தனை நாளாக வீட்டில் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் கைபேசியை எடுத்தேன். கடை வாசலில் நீலப் புள்ளி அசையாமல் நின்றது. அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரிகிற வசதியை நிறுத்தினேன். புள்ளி மறைந்தது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவீங்க?"

"கடை மூடினதும்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு பதிலுக்காக நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. கடை மூடுவது என்றால் அது எத்தனை மணி, மனுஷி எத்தனை மணிக்கு உலை வைப்பது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் நான். அன்றைக்கு "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

தம்பி அப்போதுதான் மேலே வந்து சேர்ந்தான். மறுபடி படியில் இறங்கி ஏற இரண்டு பேருக்குமே தெம்பில்லை, குழாய்ப் பாலத்தில் திரும்பினோம். காலுக்குக் கீழே குழாயில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. பாதியில், அவர் நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியதும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தனியாக இங்கே நின்றிருக்கிறார், மணி அடிக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு.

"என்னக்கா," என்றான் தம்பி, "பயமா இருக்கா?"

"ஆமாண்டா" என்றேன். "பயமாத்தான் இருக்கு. நீ முன்னாடி போ, நான் வர்றேன்."